கை எக்ஸிமா: தண்ணியிலயே கிடக்குற கைய வீட்ல பாத்துக்குறது எப்படி

பாத்திரம் தேய்ச்சு, துணி அலசி, புளி கரைச்சு, பூண்டு உரிச்சு, மீன் கழுவின்னு நாள் பூரா ஈரத்துலயே இருக்குற கைக்குத்தான் இந்த தொந்தரவு அதிகமா வருது. மொதல்ல விரல் நுனி காஞ்சு சொரசொரன்னு ஆகும், மார்கழி பனி, அதான் இப்படின்னு விட்டுருவோம், அப்புறம் சிவந்து அரிக்க ஆரம்பிக்கும், தோல் உரியும், கடைசில விரல் மடியுற எடத்துல வெடிச்சுப்போய் எலுமிச்சம்பழம் பிழியுறப்போ உயிரே போகும். வீட்ல சமைக்கிறவங்க, வீட்டு வேலைக்கு போறவங்க, ஹோட்டல் மாஸ்டர், பார்லர்ல வேலை பாக்குறவங்க, நர்ஸ், கொத்தனார், சித்தாள் இவங்க எல்லாருக்கும் பொதுவான பிரச்சனை இது. ஊர்ப்பக்கம் கரப்பான்னு சொல்லுவாங்க, டாக்டர் சீட்டுல எக்ஸிமான்னு இல்லன்னா டெர்மடைட்டிஸ்னு எழுதிருப்பார், ரெண்டும் ஒண்ணுதான்.

இப்பதான் புதுசா இந்த பேர கேள்விப்பட்டு, என்ன பண்றதுன்னு தெரியாம தேடிட்டு இருக்குறவங்களுக்காக எழுதுறேன். நான் சொல்லப்போறது எல்லாமே ஒரே கணக்குதான்: ஒரு நாளைக்கு கையில தண்ணியும் சோப்பும் படுற தடவைய குறைக்கணும், க்ரீம் படுற தடவைய கூட்டணும். மருந்து வேணும்தான், அத பின்னாடி சொல்றேன், ஆனா இந்த கணக்கு சரியாகாம எவ்வளவு காஸ்ட்லி மருந்து போட்டாலும் போடுற வரைக்கும் அடங்கிருக்கும், விட்டா பத்து நாள்ல திரும்ப வந்து நிக்கும்.

இன்னொண்ணயும் மொதல்லயே சொல்லிடுறேன், இது தொத்திக்காது. உங்க கையால பிசைஞ்சு குழந்தைக்கு சோறு ஊட்டலாம், பரிமாறலாம், யாருக்கும் வராது. வீட்ல யாராவது மூஞ்ச சுளிச்சா இத அவங்ககிட்ட படிச்சு காட்டுங்க.

ஏன் வருதுன்னு கொஞ்சம் தெரிஞ்சுக்கிட்டா மத்ததெல்லாம் தானா புரியும். தோலோட மேல் அடுக்குல செல்லுக்கு நடுவுல ஒரு கொழுப்பு பூச்சு இருக்கு, உள்ள இருக்குற ஈரத்த வெளிய விடாம, வெளிய இருக்குற காரசாரத்த உள்ள விடாம காக்குறது அதான். தோல் இயல்பாவே கொஞ்சம் அமிலத்தன்மையா, பிஎச் (அமிலமா காரமான்னு சொல்ற அளவு) 5 பக்கத்துல இருக்கும், சாதாரண சோப்புக்கட்டி 9, 10-ன்னு காரமா இருக்கும். அது அழுக்கு எண்ணெயையும் தோலோட சொந்த கொழுப்பையும் பிரிச்சு பாக்காது, ரெண்டையும் சேத்து எடுத்துட்டு போயிரும். ஒருநாள் ரெண்டுநாள்னா தோல் தானா சரி பண்ணிக்கும், தெனம் இருபது முப்பது தடவைன்னா சரி பண்ணிக்க நேரமே கிடைக்காது. சின்ன வயசுல எக்ஸிமா, ஆஸ்துமா, அடுக்கு தும்மல் இருந்தவங்களுக்கு இந்த பூச்சு பொறவியிலயே கொஞ்சம் வீக்கா இருக்கலாம், ஃபிலாக்ரின்ங்கற ஒரு புரதத்தோட ஜீன்ல மாற்றம் இருந்தா இப்படி ஆகும்னு 2006-ல கண்டுபிடிச்சாங்க. ஒரே வேலை செய்யுற ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு மட்டும் கை வெடிக்கிறதுக்கு இது ஒரு பெரிய காரணம்.

படி 1: இது எக்ஸிமாதானான்னு பாருங்க

கையில அரிக்கிறதெல்லாம் எக்ஸிமா கிடையாது. ஒரே ஒரு உள்ளங்கை மட்டும் வெளுத்து மாவு மாதிரி உதிருது, ரெண்டு பாதத்துலயும் அப்படியே இருக்குன்னா அது பூஞ்சையா இருக்க வாய்ப்பு அதிகம், அதுல எக்ஸிமா மருந்து போட்டா இன்னும் பரவும். விரல் இடுக்குல ராத்திரி மட்டும் பயங்கரமா அரிக்குது, வீட்ல இன்னும் ரெண்டு பேருக்கும் அரிக்குதுன்னா அது சொறி சிரங்கு, அதுக்கு குடும்பமே ஒரே நாள்ல மருந்து போடணும். தடிச்ச வெள்ளி மாதிரி செதில் வந்து முழங்கை, முட்டி, தலையிலயும் இருந்தா சோரியாசிஸா இருக்கலாம். இந்த மூணுல எது மாதிரி இருந்தாலும் மொதல்ல தோல் டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிட்டு வந்து மீதிய படிங்க.

விரலோட பக்கவாட்டுல ஜவ்வரிசி ஜவ்வரிசியா உள்ள தண்ணி வெச்ச சின்ன கொப்புளம் வந்து அரிப்பு தாங்க முடியலன்னா அது எக்ஸிமாலயே ஒரு வகைதான், வேர்வை காலத்துலயும் டென்ஷன்லயும் கூடும். ஊசி வெச்சு குத்தாதீங்க, அப்படியே விட்டா காஞ்சு உரிஞ்சுரும்.

படி 2: ரெண்டு நாள் எண்ணிப் பாருங்க

ஃப்ரிட்ஜ் கதவுல ஒரு பேப்பர் ஒட்டி, கை நனையுற ஒவ்வொரு தடவையும் ஒரு கோடு போடுங்க. காபி டம்ளர் அலசுனது, அரிசி களைஞ்சது, குழந்தைக்கு கால் கழுவி விட்டது, வாசல் தெளிச்சது எல்லாத்தையும் சேத்துதான். ஜெர்மனில தொழிலாளர் பாதுகாப்பு விதில முன்னாடி ஒரு அளவு வெச்சிருந்தாங்க, ஒரு நாள்ல ரெண்டு மணி நேரத்துக்கு மேல கை ஈரமா இருந்தாலோ, 20 தடவைக்கு மேல கை கழுவினாலோ, ரெண்டு மணி நேரத்துக்கு மேல காத்துப்போகாத கையுறைக்குள்ள இருந்தாலோ அது தோலுக்கு ஆபத்தான ஈர வேலைன்னு கணக்கு. நம்ம ஊர்ல நாலு பேருக்கு சமைக்கிற ஒரு வீட்ல மத்தியானத்துக்குள்ளயே இந்த இருபது தாண்டிரும், இதுக்கு சம்பளமும் கிடையாது லீவும் கிடையாதுங்கறது தனி கதை.

அந்த பேப்பர பாத்தாலே எத வெட்டலாம்னு உங்களுக்கே தெரிஞ்சுரும்.

படி 3: சமையல்கட்டுல கைய காப்பாத்துறது

பாதி வைத்தியம் இங்கதான் இருக்கு, அதனால கொஞ்சம் நீட்டி சொல்றேன்.

பாத்திரத்த அப்பப்போ ஒண்ணு ரெண்டா தேய்க்காம சேத்து வெச்சு ஒரு நாளைக்கு ரெண்டு தடவைன்னு ஆக்குங்க, தோலுக்கு மொத்தமா பத்து நிமிஷம் நனையுறத விட பத்து தடவை நனைஞ்சு காயுறதுதான் கொடுமை. சாப்பிட்ட உடனே தட்டுல தண்ணி ஊத்தி ஊற வெச்சுட்டா தேய்க்கிற நேரம் குறையும். பாத்திர சோப்புக்கட்டிய நேரா விரலால தொட்டு தொட்டு தேய்க்கிறதுதான் விரல் நுனிய காலி பண்றது, அதுக்கு பதிலா ஒரு கிண்ணத்துல தண்ணில கரைச்சு வெச்சுக்கிட்டு கைப்பிடி வெச்ச ப்ரஷ்ல தொட்டு தேய்ங்க, கம்பி நார் வேணாம். வீட்ல கை நல்லா இருக்குற ஆம்பளைங்க யாராவது இருந்தா இந்த பொறுப்ப அவங்ககிட்ட குடுக்கறது எந்த க்ரீமையும் விட நல்ல மருந்து, நான் சும்மா சொல்லல, டாக்டரும் அதத்தான் சொல்லுவார்.

இட்லி மாவ கையால கலக்குனாதான் புளிக்கும்னு வீட்ல பெரியவங்க சொல்லுவாங்க. புளிக்க வெக்கிற பாக்டீரியா உளுந்துலயும் அரிசிலயுமே இருக்கு, கரண்டியால கலக்கினாலும் புளிக்கும், பனிக்காலத்துல கொஞ்சம் வெதுவெதுப்பான எடத்துல வெச்சா போதும். உப்பு போட்ட மாவுல வெடிச்ச கைய விட்டு கலக்குறது மாதிரி எரிச்சல் வேற இல்ல.

புளி, தக்காளி, எலுமிச்சை, பச்சமிளகா, இஞ்சி, வெங்காயம் இதெல்லாம் காயம்பட்ட தோல்ல உள்ள இறங்கும். புளிய சுடுதண்ணில ஊற வெச்சு கரண்டியால மசிச்சு வடிகட்டுங்க, எலுமிச்சைக்கு பிழியுற கட்டை இருக்கு, பூண்ட ரெண்டு எவர்சில்வர் கிண்ணத்துக்கு நடுவுல போட்டு மூடி நல்லா குலுக்கினா முக்கால்வாசி தோல் கழண்டுரும். வாழைப்பூ, சேனைக்கிழங்கு நறுக்குறப்போ கையில எண்ணெய் தடவிக்கிறது நம்ம வீடுகள்ல எப்பவும் இருக்குற பழக்கம்தான, அதே மாதிரி எந்த காய் நறுக்குறதுக்கு முன்னாடியும் கையில கொஞ்சம் க்ரீமோ தேங்காயெண்ணெயோ தடவிக்கோங்க. இறால், மீன் சுத்தம் பண்றப்போ சில பேருக்கு தொட்ட சில நிமிஷத்துலயே அரிச்சு தடிக்கும், அப்படி ஆச்சுன்னா கண்டிப்பா கையுறை இல்லாம தொடாதீங்க, கடையிலயே சுத்தம் பண்ணி வாங்குங்க.

மோதிரத்த கழட்டி வெச்சுட்டு வேலை செய்யுங்க. மோதிரத்துக்கு அடியில சோப்பும் ஈரமும் தங்கி அங்க இருந்துதான் நிறைய பேருக்கு ஆரம்பிக்குது, கல்யாண மோதிரம் கழட்டக்கூடாதுன்னு சென்டிமென்ட் இருந்தா செயின்ல கோத்து போட்டுக்கோங்க.

சமையல்கட்டுக்கு வெளிய, பாத்ரூம் கழுவுற ஆசிட், ப்ளீச்சிங் பவுடர், சுண்ணாம்பு, ஈர சிமெண்ட் இதுங்கள வெறுங்கையால தொடுறது எக்ஸிமா இல்லாத கைக்கே ஆகாது. வாஷிங் பவுடர கையால அள்ளாம ஸ்பூன் போட்டு வைங்க. கோலப்பொடியும் விரல் ஈரத்த உறிஞ்சும், கை மோசமா இருக்குற நாள்ல குழாய்க்கோலம், அச்சுக்கோலம்னு ஓட்டிக்கலாம்.

படி 4: கையுறை

கையுறை போட்டா இன்னும் அரிக்குதுன்னு கழட்டி எறிஞ்சவங்க நிறைய பேர், காரணம் உள்ள சேர்ற வேர்வை. வழி என்னன்னா உள்ள ஒரு பருத்தி கையுறை, அதுக்கு மேல ரப்பரோ வினைலோ (ஒரு வகை பிளாஸ்டிக்). ஸ்கூல்ல பரேடுக்கு போடுற வெள்ளை பருத்தி கையுறை யூனிஃபார்ம் கடைல கிடைக்கும், அதுவே போதும், நாலஞ்சு ஜோடி வாங்கி துவைச்சு மாத்தி மாத்தி போடுங்க. ஒரே மூச்சா இருபது நிமிஷத்துக்கு மேல போடாதீங்க, உள்ள ஈரமானா உடனே மாத்துங்க, ஓட்டை விழுந்தா தூக்கி போட்டுருங்க, ஓட்டை கையுறைக்குள்ள சோப்புத் தண்ணி போய் தேங்குறதுக்கு வெறுங்கையே மேல். வேலை முடிஞ்சா உள்பக்கம் வெளிய திருப்பி காயப்போடுங்க.

ரப்பர் கையுறை போட்ட பிறகு மணிக்கட்டுல கோடு போட்ட மாதிரி சிவந்து அரிச்சா, ரப்பர்ல சேக்குற ரசாயனத்துக்கே அலர்ஜி இருக்கலாம், வினைலுக்கு மாறிப் பாருங்க.

படி 5: கை கழுவுறது

கை கழுவாம இருக்க முடியாது, இருக்கவும் கூடாது. தண்ணி வெதுவெதுப்பா இருக்கட்டும், இல்லன்னா பச்சத்தண்ணியா இருக்கட்டும், சுடுதண்ணி அரிப்புக்கு அந்த நேரம் சுகமா இருக்கும், அப்புறம் ரெண்டு மடங்கு காய வெக்கும். சாதாரண சோப்புக்கு பதிலா சின்டெட் பார்னு கேட்டு வாங்குங்க, சோப்பு மாதிரியே கட்டியா இருக்கும் ஆனா காரம் இருக்காது, வாசனை இல்லாததா பாருங்க. கிருமிநாசினி சோப்பு, தண்ணில ஊத்துற கிருமிநாசினி லிக்விட் எல்லாம் இந்த கைக்கு வேணவே வேணாம். கையில கண்ணுக்கு தெரியிற அழுக்கு இல்லன்னா சோப்ப விட சானிடைசர் தோலுக்கு கம்மியா கெடுதல் பண்ணும், வெடிப்புல பட்டா எரியுங்கறது உண்மைதான், ஆனா எரியுறதும் தோல் கெடுறதும் வேற வேற.

கழுவுனதும் துண்டுல ஒத்தி எடுங்க, விரல் இடுக்க மறக்காதீங்க, அங்கதான் ஈரம் தங்கும். அடுத்த ரெண்டு மூணு நிமிஷத்துக்குள்ள க்ரீம்.

படி 6: மாய்ஸ்சரைசர்

எந்த மாய்ஸ்சரைசர் நல்லதுன்னு கேக்காத ஆளே இல்ல. நீங்க தெனம் ஏழெட்டு தடவை சலிக்காம போடுறது எதுவோ அதான் நல்லது. பொதுவா லோஷன விட க்ரீம் நல்லது, க்ரீம விட ஆயின்மென்ட் நல்லது, ஏன்னா தண்ணி கம்மியா கொழுப்பு அதிகமா இருக்கு. வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லி விலை கம்மி, வாசனை இல்ல, எரியாது, ராத்திரிக்கு அதுக்கு ஈடு இல்ல, ஆனா பகல்ல போட்டா கரண்டி வழுக்கும். அதனால பகல்ல வாசனை இல்லாத க்ரீம், ராத்திரி பெட்ரோலியம் ஜெல்லின்னு வெச்சுக்கலாம். யூரியா கலந்த க்ரீம் தடிச்சு காய்ச்சுப்போன உள்ளங்கைக்கு நல்லது, வெடிப்பு திறந்து இருக்குறப்போ போட்டா எரியும்.

தேங்காயெண்ணெய் போடலாமான்னா போடலாம். பிலிப்பைன்ஸ்ல எக்ஸிமா இருக்குற குழந்தைங்களுக்கு செக்கு மாதிரி சூடு படாம எடுத்த வெர்ஜின் தேங்காயெண்ணெய் போட்டு பாத்து 2014-ல ஒரு ஆய்வு வந்துச்சு, மினரல் ஆயில விட நல்லா வேலை செஞ்சிருக்கு. ஆலிவ் எண்ணெய் வேணாம், அது தோலோட பூச்சையே கலைக்கும்னு ஆய்வு இருக்கு, கடுகெண்ணெயும் அப்படித்தான்.

ரெண்டு கைக்கும் சேத்து ஒரு மொச்சக்கொட்டை அளவு எடுத்து, உள்ளங்கைல மட்டும் தேய்ச்சுட்டு போகாம விரல் நுனி, இடுக்கு, நக ஓரம், புறங்கை எல்லாம் தடவுங்க. டப்பாவ ஒரு எடத்துல பத்திரமா வெச்சா மறந்துரும், சிங்க் பக்கத்துல ஒண்ணு, படுக்கைகிட்ட ஒண்ணு, ஹேண்ட்பேக்ல சின்ன ட்யூப் ஒண்ணுன்னு வைங்க. டப்பால இருந்து ஈரக்கைய விட்டு எடுக்காம காஞ்ச ஸ்பூன்ல எடுங்க, கிருமி சேராது.

ஒரு எச்சரிக்கை. பெட்ரோலியம் ஜெல்லி, பாரஃபின் கலந்த க்ரீம் எல்லாம் துணில ஊறிட்டா அந்த துணி வேகமா தீப்பிடிக்கும், துவைச்சாலும் முழுசா போகாது. கைய முந்தானைலயும் நைட்டிலயும் துடைச்சுட்டு கேஸ் அடுப்பு பக்கத்துல நிக்காதீங்க, துடைக்க தனி துணி வெச்சுக்கோங்க.

படி 7: ராத்திரி

படுக்கறதுக்கு முன்னாடி பெட்ரோலியம் ஜெல்லிய தாராளமா அப்பி, அதுக்கு மேல பருத்தி கையுறை போட்டு தூங்குங்க. ஆழமா வெடிச்ச எடத்துல ஜெல்லி வெச்சு மேல பேப்பர் டேப் ஒட்டிட்டா வலி சட்டுனு குறையும், சீக்கிரம் மூடும். நகத்த ஒட்ட வெட்டி வைங்க, தூக்கத்துல சொறியிறத யாராலயும் தடுக்க முடியாது, நகம் இல்லன்னா காயம் ஆகாது. அரிப்பு எடுத்தா ஈரத்துணிய கொஞ்ச நேரம் வெச்சு எடுத்துட்டு உடனே க்ரீம் போடுங்க. தூக்கம் வர்ற அலர்ஜி மாத்திரை தூங்க வெக்கும், எக்ஸிமா அரிப்ப அது பெருசா நிறுத்தாது.

மருந்து பத்தி

சிவந்து, நீர் கோத்து, அரிப்பு தாங்கலன்னா மாய்ஸ்சரைசர் மட்டும் போதாது, அப்ப ஸ்டீராய்டு (தோலோட அழற்சிய அடக்குற மருந்து) ஆயின்மென்ட் வேணும். ஸ்டீராய்டுன்னாலே பயந்து போடாம விடுறவங்களும் இருக்காங்க, பக்கத்து மெடிக்கல்ல கேட்டு மாசக்கணக்கா போடுறவங்களும் இருக்காங்க, ரெண்டுமே கஷ்டத்துலதான் முடியும். உள்ளங்கை தோல் தடிப்பா இருக்குறதால டாக்டர் கொஞ்சம் ஸ்ட்ராங்கானதாத்தான் குடுப்பார், அத அவர் சொன்ன வாரக்கணக்குக்கு போட்டு, அவர் சொன்ன மாதிரி குறைச்சு நிறுத்தணும். கைக்கு குடுத்தத மூஞ்சிக்கு போடவே கூடாது, போட்டா தோல் மெலிஞ்சு, சிவந்து, பரு வந்து, விட முடியாத நிலைமை ஆகிரும்.

அளவு எப்படின்னா, ட்யூப்ல இருந்து உங்க ஆள்காட்டி விரல் நுனில தொடங்கி முதல் மடிப்பு வரைக்கும் ஒரு கோடு பிதுக்குங்க, அது சுமாரா அரை கிராம், ஒரு கையோட ரெண்டு பக்கத்துக்கும் அது போதும். மருந்துக்கும் மாய்ஸ்சரைசருக்கும் நடுவுல ஒரு அரைமணி நேரம் விடுங்க, ஒண்ணு மேல ஒண்ணு போட்டா மருந்து நீர்த்துப்போகும்.

மெடிக்கல்ல சீட்டு இல்லாம எடுத்து குடுக்குற க்ரீம்ல பலதுல வீரியமான ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூணையும் கலந்துருப்பாங்க. எதுக்கு வந்ததோ தெரியாம எல்லாத்துக்கும் சேத்து சுடுற மருந்து அது, பூஞ்சையா இருந்தா அதோட அடையாளத்தையே மாத்தி டாக்டரையும் குழப்பிரும், அதுல சேக்குற நியோமைசின்ங்கற ஆன்டிபயாடிக்குக்கே சில பேருக்கு அலர்ஜி உண்டு. 2018-லயே மத்திய அரசு 14 ஸ்டீராய்டு க்ரீம்கள சீட்டு இல்லாம விக்கக்கூடாதுன்னு அறிவிச்சாச்சு, கவுண்டர்ல இன்னும் நடக்குது.

மஞ்சள், வேப்பிலை அரைச்சு பூசுறது, உப்பு போட்ட சுடுதண்ணில கைய முக்குறது, எலுமிச்சை தேய்க்கிறது இதெல்லாம் வெடிச்ச கைக்கு வேணாம். சாப்பாட்டுல கத்தரிக்கா, கருவாடு, இறால் எல்லாம் கரப்பான் பண்டம்னு நிறுத்த சொல்லுவாங்க. கை எக்ஸிமால பெரும்பாலும் வாய்க்குள்ள போறத விட கையில படுறதுதான் பிரச்சனை, ஏதாவது ஒண்ணு சாப்பிட்டா ஒவ்வொரு தடவையும் கூடுதுன்னு நீங்களே பாத்திருந்தா அத மட்டும் விடுங்க, மொத்த பத்தியம் இருந்து உடம்ப கெடுத்துக்காதீங்க.

எவ்வளவு நாள் ஆகும்

சிவப்பும் அரிப்பும் ரெண்டு மூணு வாரத்துல அடங்கிரும், பாக்க நல்லா ஆயிரும், அங்கதான் எல்லாரும் விட்டுருவாங்க. வெளிய நல்லா தெரிஞ்சாலும் உள்ள அந்த பூச்சு பழைய பலத்துக்கு வர மாசக்கணக்குல ஆகும். அதனால கை நல்லான பிறகும் ஒரு நாலஞ்சு மாசமாவது கையுறை, க்ரீம் எதையும் விடாதீங்க. நடுவுல பொங்கலுக்கு வீடு சுத்தம் பண்ண, ஆயுத பூஜைக்கு கழுவி விட, கல்யாண வீட்ல கூடமாட ஒத்தாசை பண்ணன்னு ஏதாவது வரும், அந்த வாரம் முன்கூட்டியே க்ரீமையும் கையுறையையும் ரெண்டு மடங்கு ஆக்கிக்கோங்க.

டாக்டர்கிட்ட எப்ப போகணும்

சீழ், மஞ்சளா தேன் நிறத்துல பக்கு, வீக்கம், சூடு, கை மேல நோக்கி ஓடுற சிவப்பு கோடு, காய்ச்சல் இதுல ஏதாவது வந்தா அன்னைக்கே போங்க. வலிக்கிற சின்ன சின்ன கொப்புளம் கொத்தா வந்து, உடைஞ்சு குழி விழுந்த மாதிரி ஆச்சுன்னா அது ஹெர்பிஸ் வைரஸா இருக்கலாம், அதுவும் அவசரம். நக ஓரம் வீங்கி வலிச்சா, நகம் மேடு பள்ளமா ஆனா, மேல சொன்னதெல்லாம் ரெண்டு வாரம் ஒழுங்கா பண்ணியும் அசையலன்னாலும் போங்க.

நீங்க என்ன பண்ணினாலும் திரும்ப திரும்ப வருதுன்னா அலர்ஜி இருக்கான்னு பாக்கணும், அது எங்க வருதுங்கறதே பாதி துப்பு. வலது கைக்காரங்களுக்கு இடது கையோட கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் நுனி மட்டும் வெடிக்குதுன்னா பூண்ட சந்தேகப்படுங்க, கத்தி வலது கையில இருக்கும், பூண்டு இடது கையில இருக்கும். கவரிங் வளையல், வாட்ச் படுற எடம்னா நிக்கல், தலைக்கு டை அடிச்ச ரெண்டு நாள்ல வந்தா டைல இருக்குற பிபிடிங்கற ரசாயனம், கொத்தனார் கைன்னா சிமெண்ட்ல இருக்குற குரோமியம். இத உறுதி பண்றதுக்கு பேட்ச் டெஸ்ட்னு ஒண்ணு இருக்கு, மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி தோல் பிரிவுகள்ல கேட்டு பாருங்க. முதுகுல சின்ன சின்ன அளவுல பொருள்கள ஒட்டி 48 மணி நேரம் விட்டு எடுத்து பாப்பாங்க, அப்புறம் ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சு இன்னொரு தடவை பாப்பாங்க, அது வரைக்கும் முதுகு நனையக்கூடாது, வேர்க்குற வேலை கூடாது. ஸ்டீராய்டு மாத்திரை எடுத்துட்டு இருந்தா முன்னாடியே சொல்லிருங்க, ரிசல்ட் மறைஞ்சுரும். போறப்போ வீட்ல கை படுற சோப்பு, க்ரீம், டை, கையுறை எல்லாத்தோட கவரையும் ஒரு பைல போட்டு எடுத்துட்டு போங்க, கை மோசமா இருந்த அன்னைக்கு எடுத்த ஃபோட்டோவும் ஃபோன்ல இருக்கட்டும், ஏன்னா டாக்டர பாக்குற அன்னைக்குன்னு பாத்து கை நல்லாத்தான் இருக்கும்.